கூரை இறக்கின கல்யாண வண்டி

மச்சான், இதெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று நான் அப்போதே சொன்னேன். அந்த வண்டி உன்னைவிட அதிக நாள் இருக்கும் என்று சொன்னேன். அது பெட்ரோல் குடித்து ஓடாது, உன் மூச்சைக் குடித்துத்தான் ஓடும் என்று சொன்னேன். உன் பெண்சாதியும் பிள்ளையும் ஒருநாள் அதை நடுவில் நிறுத்தி வைத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் நிற்பார்கள், அப்போது நான்தான் வாயைத் திறந்து தீர்த்துவைக்க வேண்டிவரும் என்றுகூடச் சொன்னேன். நீ நம்பவில்லை. "நீ எல்லாத்தையும் முன்கூட்டியே சொல்லுவ மச்சான். ஆனா நடந்து முடிஞ்ச அப்புறம்தான் சொல்லுவ" என்று சிரிப்பாய். இப்போது எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. சொல்கிறேன், கேள்.

இன்று காலை உன் வீட்டுக்குப் போயிருந்தேன். தினமும்தான் போகிறேன். தகர ஷெட்டைத் திறந்து, வண்டியின் கூரையைத் தூசி தட்டலாம் என்று பிரித்தபோது மடிப்புக்குள்ளிருந்து ஒரு முழச் சம்பங்கிச் சரம் விழுந்தது. பழுப்பேறி, நார் மட்டும் மிச்சமாக. எந்தக் கல்யாணத்துப் பூவோ, தெரியவில்லை. கான்வாஸ், பெட்ரோல், வாடின சம்பங்கி, மூன்றும் சேர்ந்து ஒரு வாசனை வந்தது பார், நீ பின்னால் வந்து நிற்கிறாய் என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். உன் சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் சரோஜா சொல்வாளே, "கல்யாண மண்டபத்தையும் பெட்ரோல் பங்கையும் ஒண்ணா ஊற வச்ச மாதிரி இருக்கு" என்று, அந்த வாசனை. ஷெட்டில் அது இன்னும் போகவில்லை. வீட்டுக்குள் இப்போது அந்த வாசனை இல்லை. உன் சட்டைகளை உன் பிள்ளை குமரன் யார் யாருக்கோ எடுத்துக் கொடுத்துவிட்டான்.

சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு உனக்கு ஒரு கடிதம் எழுதியாக வேண்டும் என்று தோன்றியது. எட்டாவதோடு நின்றவன் எழுதுகிறேன், தப்பிருந்தால் நீதான் திருத்திப் படித்துக்கொள்ள வேண்டும். கிண்டியில் கம்பெனி குமாஸ்தாவாக நீ எத்தனை பேர் தப்பைத் திருத்தியிருப்பாய்.

அந்த வண்டியை முதலில் பார்த்தது நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். நீ பக்கத்தில் நின்றதையும் சேர்த்தே சொல்வேன். பெருங்களத்தூர் பக்கம் ஒரு பழைய பங்களாவைக் காலி பண்ணுகிறார்கள், சாமான் விற்பதற்கு வாசலில் சாமியானா போட வேண்டும் என்று என் கடைக்கு ஆள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, உனக்கு லீவு, சும்மா கூட வந்தாய். நான் கம்பு நட்டுக்கொண்டிருக்கிறேன், நீ பின்பக்கம் போனவன் வரவேயில்லை. போய்ப் பார்த்தால், கொடி படர்ந்த ஒரு மேட்டுக்கு முன்னால் கோயிலில் நிற்கிற மாதிரி நிற்கிறாய்.

"மச்சான், இது என்னன்னு தெரியுதா?"

"கோழிக் கூடு."

"அமெரிக்கா வண்டிடா. கூரை மடங்குற வண்டி."

"ஏன், அமெரிக்காவுல கோழிக்கெல்லாம் காரா குடுக்குறான்?"

ஸ்டீயரிங் இருக்கிற சீட்டில் ஒரு பெட்டைக் கோழி அடை உட்கார்ந்திருந்தது. நம்மைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. முன்பக்கம் பல்லிளித்த மாதிரி துருப்பிடித்த கம்பி. கூரை இருந்த இடத்தில் வெறும் எலும்புகள். நீ கொடியை விலக்கி அதன் முதுகைத் தடவினாய். மனிதர்களை நீ அப்படித் தொட்டு நான் பார்த்ததில்லை.

வீட்டைக் காலி பண்ணுகிற அம்மாள் சொன்னார், உலகச் சண்டை முடிந்த கையோடு அவருடைய மாமனார் கப்பலில் வரவழைத்தாராம், உடைத்து விற்கிறவனுக்குக் கொடுக்க மனசு வரவில்லையாம். ஓட்டிப் பார்க்கிறவனுக்கு என்றால் எடுத்துக்கொண்டு போகட்டும் என்றார். அந்த மாமனார் யாரோ ஒரு தோல் வியாபாரி. நான் வெளியே சொல்லும்போது அவரைத் திவான் ஆக்கினேன். பிறகு ஒரு பெரிய இடத்துக் கல்யாணத்தில் ராஜாவாகவே ஆக்கிவிட்டேன். வண்டிக்கு அது பொருந்தத்தான் செய்தது. யாரும் மறுத்துப் பேசவில்லை.

என் சாமியானா டெம்போவின் பின்னால் கயிறு கட்டி அதை ஜி.எஸ்.டி. ரோட்டில் இழுத்துக்கொண்டு வந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ரோடே நின்றது. தாம்பரம் ஸ்டேஷனில் புறப்பட வேண்டிய மின்சார ரயிலை நிறுத்திவைத்து டிரைவர் எட்டிப் பார்த்தார். மீனம்பாக்கத்தில் இறங்க வந்த விமானம் நம் தலைக்கு மேலே ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றிவிட்டுப் போயிற்று. நீ இதையெல்லாம் பார்க்கவில்லை என்பாய். நீ எங்கே பார்த்தாய்? செத்த வண்டியின் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, நேராகக் கயிற்றையே பார்த்துக்கொண்டு வந்தாய். முகத்தில் அப்படி ஒரு பயம், அப்படி ஒரு சந்தோஷம்.

"இது உன்னத் தின்னுடும் மச்சான்" என்றேன், இரும்புலியூர் வந்து இறக்கியதும். "தின்னட்டும். என்னத் தின்ன வேற எது காத்துக்கிட்டிருக்கு?" என்றாய்.

அதற்குப் பிறகு எத்தனை வருஷம்! சனி ஞாயிறு என்றால் நீ அந்தத் தகரத்துக்குக் கீழேதான். டிங்கர் வந்து நெளிசலைத் தட்டுவான், நீ மேலே பட்டி பூசித் தேய்ப்பாய். நம்மூர் டாக்ஸியின் கார்புரேட்டரை அதற்குப் பொருத்தினீர்கள். இருமிற்று, தும்மிற்று, கடைசியில் ஓடிற்று. டயரின் பக்கம் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று படத்தில் பார்த்து, கதவுக்கு அடிக்கிற எனாமல் பெயின்ட்டை டயருக்கு அடித்தோம். பிஸ்தா கலர் வேண்டும் என்று நீ பிடிவாதம் பிடித்தாய். நான் சிவப்பு என்றேன். இப்போது அந்தப் பிஸ்தா கலரைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். சிவப்பாக இருந்திருந்தால் இவ்வளவு இருந்திருக்காதோ என்னவோ.

கூரை மட்டும் என் வேலை. அமெரிக்காவில் குளிர் அதிகம், வெயில் என்றைக்காவது ஒருநாள்தான் வரும், வந்தால் சட்டென்று கூரையை மடக்கி வெயிலைப் பிடிக்கத்தான் இப்படிச் செய்தார்கள் என்று உனக்கு விளக்கிச் சொன்னேன். நம்மூருக்கு அது தலைகீழாக வேண்டும். அதனால் என் கடையிலிருந்தே கெட்டிக் கான்வாஸ் எடுத்து, உள்பக்கம் சிவப்பு, மஞ்சள் பூப்போட்ட சாமியானாத் துணி வைத்துத் தைத்தேன். உட்கார்ந்து மேலே பார்த்தால் கல்யாணப் பந்தலுக்குள் இருக்கிற மாதிரி இருக்கும். உலகத்தில் எந்த அமெரிக்கா வண்டிக்கும் அப்படி ஒரு கூரை கிடையாது. அந்த ஊர்க்காரர்கள் பார்த்தால் அழுதுவிடுவார்கள் என்றாய் நீ. பெருமையில் அழுவார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அந்த வண்டி ஓடும், ஆனால் மெதுவாக ஓட்டினால் கொதித்துவிடும். வேகமாக ஓட்டினால் பிரேக் பிடிக்குமா என்று சந்தேகம். இப்படிப்பட்ட வண்டியை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவது என்று நீ உட்கார்ந்திருந்தபோதுதான் நாதஸ்வரம் ஏழுமலை வந்து பார்த்தான். சுற்றிச் சுற்றி வந்தான். "அண்ணா, மாப்ள அழைப்புக்கு இந்த மாதிரி வண்டி இல்லாம எவ்ளோ பேர் தவிச்சிகினு கீறாங்க தெரியுமா? கூரை தொறந்து, பின்னாடி மாப்ளைய உக்கார வச்சா, சும்மா தேர் கணக்கா இருக்கும்!" என்றான்.

"ஊர்வலத்துல போனா கொதிச்சிடுமேப்பா" என்றாய்.

"இஞ்சினை ஆப் பண்ணிடு. பின்னாடிலேர்ந்து தள்ளுங்க. என் தவில் அடிக்கச் சொல்ல வண்டி ஓடுதா இல்லியான்னு எவனுக்குத் தெரியும்?"

அதுதான் நம் தொழில் ரகசியம். தாம்பரம் முதல் பல்லாவரம் வரை எத்தனையோ மாப்பிள்ளைகள் இஞ்சின் ஓடாத அமெரிக்கா வண்டியில் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு போனார்கள். ஸ்டீயரிங்கில் நான். ஜரிகைத் துண்டு, கறுப்புக் கண்ணாடி. பின்னால் கூலி ஆட்களோடு சேர்ந்து தள்ளுவது நீ. வண்டிக்குச் சொந்தக்காரன் தள்ளுகிறான், சாமியானாக்காரன் ஓட்டுகிறான் என்று சரோஜா என்னைத் திட்டுவாள். "அவனுக்கு நாலு பேர் பாக்கணும். எனக்கு வண்டி எங்க இடிக்குதுன்னு தெரியணும்" என்று நீதான் எனக்காகப் பேசினாய். உன் கையில் பம்பரின் தடம் எப்போதும் இருக்கும்.

முதல் ஊர்வலம் குரோம்பேட்டையில். பாதித் தெருவில் மழை பிடித்துக்கொண்டது. ஆளுக்கொரு பக்கம் ஓடிக் கூரையை இழுத்து மூடினோம். மாப்பிள்ளை நனையவில்லை. ஆனால் மேலே என் சாமியானாத் துணி சாயம் விட்டது. வெள்ளைப் பட்டுச் சட்டையில் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு. பெண் வீட்டு அத்தை ஒருத்தி "ஐயையோ, ரத்தம்!" என்று கத்தினாள். நாதஸ்வரம் நின்றது. கல்யாணமே நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. எனக்கு எப்படி வந்ததோ, சீட்டின் மேல் ஏறி நின்று, "குங்குமம்மா, குங்குமம்! திருநீர்மலைத் தாயார் பாதத்துல வச்சு எடுத்த துணி இது. மாப்பிள்ளை மேல குங்கும மழை பெஞ்சிருக்கு. இந்தக் குடும்பத்துல எவருக்காவது இப்படிக் கிடைச்சிருக்கா?" என்றேன். அந்த அத்தையே ஓடிவந்து மாப்பிள்ளையின் சட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஏழுமலை சட்டென்று கெட்டிமேளம் வாசித்தான்.

திரும்பி வந்ததும் நீ வீட்டு வாசலில் இறங்கிக் கை கழுவிக்கொண்டே சொன்னாய்: "உன் பொய்க்கும் ஒருநாள் வேலை வரும்னு நெனச்சேன் மச்சான். இவ்வளவு சீக்கிரம் வரும்னு நெனக்கல."

அதற்குப் பிறகு வண்டி நின்ற முகூர்த்தம் கிடையாது. கம்பெனியில் உன்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், பென்ஷன் இல்லாத கம்பெனி. அந்த வண்டிதான் உங்களை உட்கார வைத்துச் சோறு போட்டது. பூ அலங்காரம் முழுக்கச் சரோஜா. பம்பருக்கு ஒரு சரம், கதவுக்கு ஒரு சரம், மூக்கில் ஒரு பெரிய தாமரை. அவள் கட்டின பூவுக்காகவே கேட்டு வந்தவர்கள் உண்டு. எந்த வீட்டுக் கல்யாணத்திலும் அவளுக்கு ஒரு நாற்காலி, ஒரு தாம்பூலம். "வண்டிக்காரம்மா வந்துட்டாங்களா?" என்பார்கள். அவள் முகம் அப்போது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

உன் மூச்சு எப்போது குறைய ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். ஆனால் முடிச்சூர் ரோட்டில் ஒரு ஊர்வலம். பின்னால் பார்க்கிற கண்ணாடியில் பார்க்கிறேன், எல்லோரும் குனிந்து தள்ளுகிறார்கள், நீ மட்டும் தள்ளவில்லை. பம்பரில் ஒரு கையை வைத்துக்கொண்டு, குழந்தை கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற மாதிரி, வண்டியோடு நடந்து வந்தாய். யாரிடமோ பேச்சு கொடுத்துக்கொண்டு வருகிறாய் என்று நினைத்தேன். இல்லை. உன்னை வண்டிதான் நடத்திக்கொண்டு வந்திருக்கிறது.

பிறகு ஆஸ்பத்திரி. முகத்தில் ஆக்ஸிஜன் மூடி, மூக்கில் குழாய். மார்பு மட்டும் ஏறி ஏறி இறங்கும். சரோஜா காலடியில், குமரன் போனோடு வராந்தாவில், நான் கதை சொல்லிக்கொண்டு தலைமாட்டில். ஏதோ ஒரு கதையில் அந்தக் கோழி இன்னும் அந்தச் சீட்டில்தான் அடை உட்கார்ந்திருக்கிறது என்றேன். உன் கண் ஓரம் சுருங்கிற்று. அதைச் சிரிப்பு என்று நான் வைத்திருக்கிறேன். அடுத்த நாள் மத்தியானம் சாப்பாட்டு வேளையில் நீ போய்விட்டாய்.

உன் வீட்டு வாசலில் நான் சாமியானா போட்டேன், மச்சான். என் கடைத் துணி, என் கடை நாற்காலி. ஆயிரம் பேருக்குப் போட்டிருக்கிறேன், ஒரு கம்பும் சாய்ந்ததில்லை. அன்றைக்கு ஒரு கம்பை நிறுத்த முடியவில்லை. பூப்போட்ட துணி எதுவும் வேண்டாம் என்று வெள்ளையாகத் தேடினால், கடையில் வெள்ளையே அழுக்காக இருந்தது.

கண்ணாடிப் பெட்டிக்குள் உன்னைப் படுக்க வைத்திருந்தோம். தெரு நிறைய ஜனம். அந்த நேரத்தில் ஷெட் கதவு திறக்கிற சத்தம். குமரன் வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அதைக் கழுவினான். ஒவ்வொரு கொக்கியாக விடுவித்துக் கூரையை இறக்கினான். அவன் அழவில்லை. அதுவரை அழவேயில்லை.

"மாமா, அப்பா இதுலதான் போகணும்" என்றான்.

"டேய், சொர்க்க ரதம் சொல்லியாச்சுடா."

"அது ஊர்ல எல்லாரும் போறது. இது அவர் கையால செஞ்சது. இதுல போகாம வேற எதுல போவாரு?"

உன் பெரியண்ணன் நாற்காலியிலிருந்தே, "பையன் சொல்றது சரிதான்யா. ராஜா மாதிரி போகட்டும்" என்றார். நாலு பேர் தலையாட்டினார்கள். யாரோ மாலைகளை எடுத்து வண்டியின் மேல் வைக்கவே ஆரம்பித்துவிட்டார்கள்.

ஏழுமலை என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான். அழுது கண் வீங்கியிருந்தது அவனுக்கு.

"அண்ணா, நான் சொல்றது தப்புன்னா செருப்பால அடி. பொணம் ஏறின வண்டிய எவன்ணா கல்யாணத்துக்குக் கூப்புடுவான்? நாளிக்கே பல்லாவரம் வரிக்கும் சேதி பூடும். நான் வாய மூடிகினு இருந்தாலும் என் தவில்காரன் இருக்க மாட்டான். அக்காக்கு இத்த வுட்டா இன்னா கீது?"

எனக்குத் தெரியாதா? உள்ளே பார்த்தேன். சரோஜா உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். உன்னைப் பார்க்கவில்லை, வாசல் வழியாக வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டே போனேன். என் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல், "அண்ணா, கூரையைத் தொறந்துட்டான்" என்றாள். அவ்வளவுதான். 

வேண்டாம் என்று அவள் வாயால் சொல்ல முடியுமா? புருஷனைவிடப் பிழைப்பு பெரிதாகப் போயிற்றா என்று கேட்க அங்கே எத்தனை வாய் காத்திருந்தது. சரி என்று விட்டாலோ, மறுநாளிலிருந்து அந்தக் கைக்குப் பூ கிடையாது. குமரன் அவளை நாவலூருக்கு, அவனுடைய ஆபீசுக்கு எதிரே இருக்கிற அந்த அபார்ட்மென்டுக்குக் கூட்டிப்போய்விடுவான். நல்ல பிள்ளைதான், தங்கத் தட்டில் வைத்துப் பார்ப்பான். ஆனால் போன பொங்கலுக்கு அங்கே ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தவள் என்னிடம் சொன்னதை நான் மறக்கவில்லை: "ஜன்னலைத் தொறந்தா காத்து வருது அண்ணா. மனுஷ சத்தம் வரமாட்டேங்குது."

வாசலுக்கு வந்தேன். வண்டியின் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டேன். என் குரல் எனக்கே கேட்காத மாதிரி இருந்தது, ஆனாலும் தெருக்கோடி வரைக்கும் கேட்டது என்றார்கள்.

"குமரா, உங்கப்பா என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு. ஆஸ்பத்திரியில, மூடியக் கழட்டச் சொல்லி, என் கையப் புடிச்சிக்கிட்டுச் சொன்னாரு. 'மச்சான், அது கல்யாண வண்டி. சிரிச்சவங்கள மட்டும்தான் அது சுமந்திருக்கு. அதுல என்னை ஏத்தி அழ வச்சிடாதீங்க. நான் போனாலும் அது ஓடணும்'னாரு. இப்ப சொல்லு, ஏத்தலாமா?"

 உன் பெரியண்ணன் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். குமரன் என்னையே பார்த்தான். பிறகு வண்டியின் மேல் சாய்ந்து, அந்த ஈரத் தகரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, ஓவென்று அழுதான். இறக்கின கூரையை அவனே ஏற்றினான். கொக்கி மாட்ட முடியவில்லை அவனால். ஏழுமலைதான் மாட்டினான்.

நீ சொர்க்க ரதத்தில் போனாய். சீரியல் லைட்டும் ஜிகினாக் காகிதமும் சுற்றின ஒரு வேன். சுடுகாட்டுக்குப் போகிற வழியில் ஒரு மேடு வந்தது, அது திணறிற்று. நீ இறங்கித் தள்ளுவாய் என்று ஒரு நிமிஷம் பார்த்தேன்.

வண்டி பிழைத்தது, மச்சான். பழைய மாதிரி இல்லை, ஆனாலும் முகூர்த்த நாளில் சும்மா நிற்பதில்லை. சரோஜா இரும்புலியூரிலேயே இருக்கிறாள். குமரன் சனிக்கிழமை வந்து இஞ்சினைத் துடைத்துவிட்டுப் போகிறான். ஒன்றை மட்டும் சொல்லாமல் இருக்க முடியாது. அவள் இப்போது வண்டியின் கிட்டே வருவதில்லை. யாரும் சொல்லவில்லை, அவளாகவே ஒதுங்கிக்கொண்டாள். கூடத்தில் உட்கார்ந்து சரம் கட்டி, கூடையில் வைத்து, கதவருகில் நகர்த்துகிறாள். நான் எடுத்துப்போய் வண்டிக்குக் கட்டுகிறேன். கோணலாகத்தான் வருகிறது. மண்டபத்துக்கும் வருவதில்லை. "நீ வந்து கட்டினா எவன் என்ன சொல்லிடுவான்?" என்று சண்டை போட்டுப் பார்த்துவிட்டேன். "யாரும் சொல்ல மாட்டாங்க அண்ணா. பாப்பாங்க" என்கிறாள். நான் காப்பாற்றிக் கொடுத்தது பாதிதான்.

உன் வாக்கு மட்டும் என்னைவிட வேகமாகப் போகிறது. குமரன் அதை உன் படத்துக்குக் கீழே எழுதி மாட்டியிருக்கிறான். பதின்மூன்றாம் நாள் உன் பழைய கம்பெனிக்காரர் ஒருவர் அதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போனார். ஏழுமலை ஒவ்வொரு கல்யாணத்திலும் ஊதுவதற்கு முன்னால் சொல்கிறான். நேற்றுச் சேலையூரில் மாப்பிள்ளையின் அப்பா, என்னை யார் என்று தெரியாமல், எனக்கே சொன்னார்: "இந்த வண்டிக்காரர் சாகும்போது எழுந்து உக்காந்து, எல்லாரையும் கிட்ட கூப்பிட்டு, இது கல்யாண வண்டி, இதுல என்னை ஏத்தாதீங்கன்னு சொன்னாராம் சார். என்ன மனுஷன் பாருங்க! அதனாலதான் தேடிப் புடிச்சு இந்த வண்டியே வேணும்னு சொன்னேன்."

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒருவர் சொன்ன கதையில் நான் எதையும் சேர்க்காமல் கேட்டுக்கொண்டு நின்றேன்.

மச்சான், நீ அப்படிச் சொல்லவில்லை. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நீ மூடியைக் கழற்றச் சொன்னது நிஜம். என் கையைப் பிடித்ததும் நிஜம். சொன்னது வேறு. "ஒரு தடவை நான் பின்னாடி உக்காரணும்டா. மாப்ள மாதிரி. கூரைய இறக்கிடு, நீ ஓட்டு" என்றாய். எத்தனை வருஷமாக அந்த வண்டி உன்னிடம் இருந்தது, ஒருநாள்கூட நீ பின் சீட்டில் உட்கார்ந்ததில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. "வீட்டுக்கு வா, ஏழுமலை மேளத்தோட திருநீர்மலை வரைக்கும் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் குமரன் உன்னை அதில் ஏற்றியிருப்பான். ஏற்றியிருக்க வேண்டுமோ என்னவோ.

இப்போது ஊர்வலம் முடிந்து மாப்பிள்ளையை மண்டபத்தில் இறக்கிவிட்டதும், இஞ்சினைப் போட்டு நான் தனியாக வண்டியைக் கொண்டுவருகிறேன். தூறினாலும் கூரையை ஏற்றுவதில்லை. தவில்காரர்கள் தாம்பரம் வரைக்கும் வருகிறோம் என்று கேட்பார்கள். முன்னால் வந்து உட்காருங்கள், பின் சீட்டில் ஸ்பிரிங் உடைந்துவிட்டது, குத்தும் என்று சொல்லிவிடுவேன். நம்பிவிடுகிறார்கள்.